ஆள் வராத தொட்டி

சண்டை முடிந்துவிட்டது என்று சொல்லி எங்களுக்குப் பூந்தி கொடுத்தார்கள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, வரிசையில் நின்று, ஆளுக்கு ஒரு கை வாங்கித் தின்றோம்.

மைசூரில், ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருந்த பட்டு ஆலை அது. நாங்கள் கார்க்கானா என்போம். பட்டுக்கூடுகளைக் கொதிநீரில் போட்டு, இளகியதும் இழையைக் கையால் தேடிப் பிடித்து, சுற்றுகிற சக்கரத்தில் ஏற்றிவிட வேண்டும். ஒவ்வொருத்திக்கும் ஒரு தொட்டி. சண்டைக் காலத்தில் எங்கள் நூல் முழுவதும் பாராசூட்டுக்குப் போயிற்று. "ஆகாசத்துல இருந்து சிப்பாய் குதிக்கறான். அவன் உசுரு உங்க விரல்ல இருக்குது" என்று மேஸ்திரி சொல்வார். கேட்டுச் சிரிப்போம். உள்ளுக்குள் பெருமையாகவும் இருக்கும். சிப்பாய் இனிமேல் குதிக்கப் போவதில்லை என்றால் எங்களுக்கு என்ன ஆகும் என்று பூந்தி தின்ற ஒருத்திக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். இன்னொரு கை கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்காவும் நானும் கொள்ளேகாலம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அப்பா போனபிறகு நிலமும் போயிற்று. எங்கள் ஊர்க்காரரான மேஸ்திரி ஆலைக்கு ஆள் பிடிக்க வந்தபோது, அக்காவையும் அவள் புருஷனையும் கூட்டிவந்தார். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியிருந்த என்னையும் ஏற்றிக்கொண்டார். அக்கா புருஷனை நான் மாமா என்று கூப்பிடுவேன். கொதிகலனுக்கு விறகு தள்ளுவது அவர் வேலை. ஓட்டு வீட்டின் பின்கட்டில் ஓர் அறை எடுத்து மூன்று பேரும் இருந்தோம். புழு நாற்றம் எங்கள் முடியில், பாயில், சோற்றில் எல்லாவற்றிலும் இருந்தது. மூன்று வேளையும் சோறு இருந்ததால் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

பூந்தி தின்றதற்குப் பிறகு சில வாரங்கள் எல்லாம் முன்போலவே நடந்தது. கிடங்கில் மட்டும் நூல் கட்டுகள் ஏறிக்கொண்டே போயின. பிறகு ஒரு காலை, நாங்கள் வேலையில் இருக்கும்போதே, மேஸ்திரி கையில் சுண்ணாம்புக் கட்டியோடு வரிசைகளுக்கு நடுவில் நடந்தார். சில தொட்டிகளின் பலகையில் ஒரு கோடு போட்டார், சிலவற்றைத் தாண்டிப் போனார். என் தொட்டியில் கோடு விழுந்தது. "புதுக் குழாய் போடறாங்க கணே, நம்ம தொட்டிக்குத்தான் மொதல்ல" என்று பக்கத்து வரிசையிலிருந்து ஒருத்தி சந்தோஷமாகச் சொன்னாள். அவள் நஞ்சன்கூட்டிலிருந்து தினமும் காலை ரயிலில் வருகிறவள். ரயில்வேக் கூலியின் மனைவி. மூன்று பிள்ளைகள். தமிழும் கன்னடமும் கலந்து பேசுவாள்; அடியே என்பதற்குக் கணே என்பாள். அக்காவின் தொட்டிக்கு அடுத்தது அவள் தொட்டி. இருவரும் சோற்றுப் பாத்திரத்தை மாற்றிச் சாப்பிடுகிற சிநேகம்.

சக்கரங்கள் நின்றன. "கோடு போட்ட தொட்டிக்காரிக எல்லாம் சாமானை எடுத்துக்கிட்டு வெளிய வாங்க. இனிமே வேலை இல்லை" என்றார் மேஸ்திரி.

பாதிக்கு மேல் எழுந்தோம். அக்காவின் தொட்டியில் கோடு இல்லை. அவள் என்னைப் பார்த்துக்கொண்டு, கை மட்டும் நீருக்குள் இருக்க, அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

நஞ்சன்கூட்டுக்காரிதான் கேட்டாள். "மேஸ்திரியண்ணா, எதை வெச்சுக் கோடு போட்டீங்க? என் நூல் ஒருநாளும் அறுந்ததில்லையே?"

"எதை வெச்சா? சுண்ணாம்பை வெச்சு" என்றார் அவர். சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். அவர் பின்னால் நின்ற கணக்குப்பிள்ளைகளும் சிரித்தார்கள்.

கொதிகலன்களும் பாதி அணைந்ததால் மாமாவையும் அன்றைக்கே நிறுத்தினார்கள்.

வாசலில் எங்களுக்கு ஒன்று சொல்லி அனுப்பினார்கள். உள்ளே இருக்கிறவர்களில் யாராவது ஒருநாள் வராமல் போனால், அந்தத் தொட்டிக்கு வெளியிலிருந்து ஒருத்தியை எடுப்பார்களாம். இது இல்லாமல் இருந்திருந்தால் நாங்கள் அழுதுவிட்டு வேறு வழி பார்த்திருப்போம். அந்த ஒரு வார்த்தை எங்களைக் கட்டிப்போட்டது. மறுநாள் காலை வாசலுக்கு எதிரே இருந்த தூங்குமூஞ்சி மரத்தடியில் எல்லாரும் வந்து நின்றோம். உள்ளே மணி அடித்த பிறகு மேஸ்திரி வெளியே வருவார். சில நாள் ஒருத்தியை, சில நாள் இரண்டு பேரை விரலால் சுட்டுவார். பல நாள் கையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விடுவார். "நாளே பன்னி" என்பார். நாளைக்கு வாங்க என்று அர்த்தம். மைசூரில் நான் நன்றாகக் கற்றுக்கொண்ட முதல் கன்னடம் அதுதான்.

சுட்டுவதற்கு முன்னால் எங்கள் கையைப் பார்ப்பார். பட்டு இழை கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். விரல் வெடித்திருந்தால் இழை அதில் மாட்டி அறுந்துபோகும். வேலை போன முதல் வாரத்திலேயே எங்களில் ஒருத்தி வீடு கட்டுகிற இடத்தில் கல் சுமக்கப் போனாள். நல்ல கைக்காரி. சில நாள் கழித்து மரத்தடிக்கு வந்தாள். மேஸ்திரி மடியிலிருந்து ஒரு சின்னப் பட்டுச் சிம்பை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து மெதுவாக இழுத்தார். அது முள்ளில் மாட்டின துணிபோல அங்கங்கே மாட்டி மாட்டி வந்தது.

"பார்த்துக்கங்க எல்லாரும்" என்று அவள் மணிக்கட்டைப் பிடித்து உயர்த்திக் காட்டினார். "கல்லுச் சுமந்த கைக்குக் கல்லுத்தான். இனி வராத அம்மிணி."

அன்றிலிருந்து நாங்கள் வேறு வேலைக்குப் போகப் பயந்தோம். தசராவுக்கு ஊரெல்லாம் வெள்ளையடித்தார்கள். பெரிய வீடுகளில் பாத்திரம் தேய்க்கவும் தரை தேய்க்கவும் ஆள் தேடினார்கள். எங்களில் பலர் போகவில்லை. வயிறு காய்ந்தாலும் கை காயக்கூடாது என்று விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அக்கா என்னை வீட்டில் அடுப்புச் சாம்பலைத் தொடவிடவில்லை. "நீ அதைக் கீழ வெய்யி. உன்ற கை போயிருச்சுன்னா அப்புறம் என்ன பண்றது?" மாமாதான் புளியும் சாம்பலும் போட்டுப் பாத்திரம் தேய்த்தார். பக்கத்துக் குடித்தனக்காரர்கள் பார்க்காத நேரமாகப் பார்த்துக் கிணற்றடிக்குப் போவார். ஒருநாள் பார்த்துவிட்டார்கள். அந்தக் கேலியை அவரால் தாங்க முடியவில்லை. சந்தையில் மூட்டை தூக்கிப் பார்த்தார். அங்கே ஏற்கெனவே இருந்த கூலிகள் இவர் மூட்டையைத் தொட்டதும் முழங்கையால் இடித்துத் தள்ளினார்கள். தீபாவளிக்கு முன்னால் குடகுக் காபித் தோட்டத்துக்கு ஆள் எடுக்க வந்த ஒருவனோடு லாரியில் ஏறிப் போய்விட்டார். போகும்போது அக்கா வேலையில் இருந்தாள். என்னிடம்தான் சொல்லிவிட்டுப் போனார். "கோடை வெய்யில் அடிக்கறப்ப வந்துருவேன்னு சொல்லு." வரவில்லை.

மரத்தடியில் நாங்கள் மாறிக்கொண்டே வந்தோம். அதை எப்படிச் சொல்வது? முதலில் உள்ளே போகிறவர்களைப் பார்த்துக் கையாட்டினோம். பிறகு அவர்கள் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தோம். யார் முகம் வாடியிருக்கிறது, யார் நொண்டுகிறாள், யாருக்குக் கண் மஞ்சளாக இருக்கிறது. இருமல்காரி ஒருத்தி இருந்தாள். அவள் வரும்போதெல்லாம் யாராவது போய், "எப்படி இருக்குது, மருந்து சாப்பிட்டீங்களா?" என்று விசாரிப்பார்கள். ஆரம்பத்தில் அவள் பதில் சொன்னாள். பிறகு புரிந்துகொண்டாள். வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்து, எங்களைத் தாண்டுகிறவரை இருமாமல் ஓடுவாள். நாங்கள் அவள் முதுகு குலுங்குகிறதா என்று பார்ப்போம்.

ஒருநாள் உள்ளேயிருந்து பெரிய அலறல் கேட்டது. கொதிநீர் யார்மேலோ கொட்டிவிட்டது. அலறல் அடங்குவதற்குள் மரத்தடியில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு நின்றோம். யார், எங்கே வெந்தது என்று ஒருத்தியும் கேட்கவில்லை. எல்லாரும் கதவைப் பார்த்தோம். இரண்டு பேர் அவளைக் கைத்தாங்கலாக வெளியே கொண்டுவந்தபோது வழிவிட்டோம். அவள் பின்னாலேயே மேஸ்திரி வந்து என்னைச் சுட்டினார். போனேன். தொட்டிக்கருகே அவள் கண்ணாடி வளையல் உடைந்து கிடந்தது. காலால் தள்ளிவிட்டு உட்கார்ந்தேன். வெந்நீரில் கைவிட்டதும் இழை விரலுக்குத் தட்டுப்பட்டது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது எனக்கு. அவள் தேறி வருகிறவரை அந்தத் தொட்டி என்னிடம் இருந்தது.

மாமா போன பிறகுதான் அக்கா தான் முழுகாமல் இருப்பதைச் சொன்னாள். அடுப்பருகே உட்கார்ந்து களியைக் கிண்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"யாருகிட்டயும் மூச்சு விட்றாத."

சண்டைக்காலத்தில் கர்ப்பிணிகளைப் பிரசவத்துக்கு அனுப்பிவிட்டுத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். இப்போது அப்படியில்லை, தெரிந்த அன்றே வெளியே அனுப்பினார்கள். அக்கா ஒரு பழைய புடவையை நாலாக மடித்து வயிற்றைச் சுற்றிக் கட்டிக்கொள்வாள். காலையில் நான்தான் இழுத்து முடிச்சுப் போடுவேன். "இன்னும் இறுக்கு" என்பாள். இறுக்குவேன். புழு நாற்றத்தில் குமட்டல் வரும்போது வாயில் ஒரு புளியங்கொட்டையை ஒதுக்கிக்கொள்வாள். பிறகு இருவரும் சேர்ந்தே நடந்து போவோம். வாசலில் அவள் உள்ளே போவாள், நான் மரத்தடியில் நிற்பேன்.

நஞ்சன்கூட்டுக்காரி வேலை போன பிறகும் ஒருநாள் விடாமல் வந்தாள். ரயில்வேக்காரன் பெண்டாட்டி என்று அவளிடம் டிக்கெட் கேட்கமாட்டார்கள். புருஷன் மார்ச்சளியில் விழுந்து படுக்கையோடு கிடந்தான். அவள் வெளியே இருக்கிறவர்களில் எனக்கு நெருக்கமானவள். ராகி உருண்டையைக் கிள்ளி எனக்கும் கொடுப்பாள். ஒரு குளிர்காலக் காலை, அக்கா எங்களைத் தாண்டி உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் காதருகே கேட்டாள்.

"உங்க அக்காவுக்கு எத்தனாவது மாசம்?"

நான் சட்டென்று அவள் பக்கம் திரும்பினேன்.

"சும்னே கேட்டேன் கணே. மூணு பெத்தவ நான். நடையைப் பார்த்தாத் தெரியாதா?"

"யாருகிட்டயும் சொல்லிராதீங்கக்கா."

"நான் ஏன் சொல்றேன்?" என்றாள். அன்று ராகி உருண்டையில் பாதியை எனக்குக் கொடுத்தாள்.

அடுத்து வந்த நாட்களில் ஒன்றில், மணி அடிப்பதற்கு முன்பே மேஸ்திரி வாசலில் நின்றார். உள்ளே போகப்போன அக்காவை மட்டும் நிறுத்தினார்.

"முழுகாம இருக்கறயாமே?"

"இல்லீங்கண்ணா."

"இல்லையா? சரி. நான் ஆம்பளை, தொட்டுப் பார்க்க முடியாது." மரத்தடிப் பக்கம் திரும்பினார். "பொம்பளைக இத்தனை பேரு இருக்கறீங்க. ஒருத்தி வந்து பார்த்துச் சொல்லுங்க. பொய்யின்னா அவ உள்ள போகட்டும். நெசம்னா ஒரு தொட்டி காலி."

அவர் சத்தம் போடவில்லை. விளையாட்டு வைப்பதுபோல் சொன்னார். நாங்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டோம். பிறகு நஞ்சன்கூட்டுக்காரி முன்னால் போனாள். நான் ஓடிப்போய் இருவருக்கும் நடுவில் நின்றேன். பின்னாலிருந்து இரண்டு மூன்று பேர் என் தோளைப் பிடித்து இழுத்தார்கள். அவர்கள் யார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாரும் எனக்குத் தெரிந்தவர்கள்தான்.

"நீங்களா?" என்றாள் அக்கா.

"நான்தான் சொன்னேன். எனக்கு மூணு இருக்குது, உனக்கு ஒண்ணு. அதுவும் இன்னும் பொறக்கலை" என்றாள் அவள். அவள் குரலில் கோபம் இல்லை. அக்காவின் மாராப்பை விலக்கி, நான் காலையில் போட்ட முடிச்சைத் தேடினாள். இறுக்கமாக இருந்ததால் அவிழவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள். மடித்த துணி சுருள் சுருளாகக் கீழே விழுந்தது. வயிறு தெரிந்தது. இறுக்கிய இடமெல்லாம் தோல் வரிவரியாகச் சிவந்திருந்தது.

"ஆறு மாசம்" என்றாள் மேஸ்திரியிடம்.

எங்கள் கூட்டத்திலிருந்து ஒரு முனகல் கேட்டது. பாவம் என்று சொன்ன சத்தம் அல்ல அது. ஒரு தொட்டி காலியாகிவிட்டது. எல்லாரும் முன்னால் நெருங்கினோம். அக்கா கீழே கிடந்த துணியை எடுக்கக் குனிய முடியாமல் காலால் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தாள்.

"நான்தானே சொன்னேன் மேஸ்திரியண்ணா" என்றாள் நஞ்சன்கூட்டுக்காரி.

"சொன்னே. கையைக் காட்டு."

நீட்டினாள். படுக்கையில் கிடக்கிற புருஷனின் துணியைத் தினமும் துவைக்கிற கை. கட்டைவிரலோரம் வெடித்து ரத்தம் காய்ந்திருந்தது. மேஸ்திரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்தக் கையை வெச்சுக்கிட்டா இத்தனை வேலை பண்ணுனே?" என்று கேட்டுவிட்டு, என்னை நோக்கி விரலை நீட்டினார். "நீ வா. உன்ற கைதான் நல்லா இருக்குது."

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் துணியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மாராப்பை இழுத்துவிட்டபடி என்னை முறைத்தாள்.

"போ புள்ள உள்ள. நின்னுட்டு என்ன பாக்கற? சாயந்தரம் அடுப்பு எரியோணும்."

போனேன். அக்காவின் தொட்டியில் உட்கார்ந்தேன். அன்று முழுக்க நூல் ஒருமுறைகூட அறுந்துபோகவில்லை.

அக்கா நேராக வீட்டுக்குப் போகவில்லை. மண்டி மொஹல்லாவுக்குப் போனாள். அங்கே ஒரு சந்தில் ஊதுபத்திக் கடைக்காரர் ஒருவர், தன் கடைக்குப் பின்னால் பெண்களை உட்காரவைத்து ஊதுபத்தி உருட்டச் செய்துகொண்டிருந்தார். கரித்தூளையும் பிசின்போல ஒட்டுகிற மரப்பட்டைத் தூளையும் தண்ணீர்விட்டுப் பிசைந்து, மூங்கில் குச்சியில் வைத்துப் பலகையில் உருட்ட வேண்டும். வருஷக்கணக்காகக் கொதிநீரில் ஊறிய அக்காவின் விரல்களில் தோல் என்று சொல்ல ஒன்றும் இல்லை. கரி உள்ளே இறங்கி எரிந்தது. சாயந்தரம் நான் வீட்டுக்கு வந்தபோது கையைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான்தான் அவளுக்குக் களியை ஊட்டினேன்.

ஊதுபத்திச் சந்தில் அவளை யாரும் வரவேற்கவில்லை. அந்தப் பெண்கள் வெகுகாலமாக அந்த வேலையைச் செய்கிறவர்கள். ஆலையிலிருந்து துரத்தப்பட்ட பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து, என்ன கொடுத்தாலும் சரி என்று உட்கார ஆரம்பித்ததும் கடைக்காரர் எல்லாருக்குமே கூலியைக் குறைத்தார். அவர்கள் கோபம் கடைக்காரர்மேல் போகவில்லை, போகவும் முடியாது. அக்கா போகிறபோது வாசற்படியில் கரித்தண்ணீரை ஊற்றிவைப்பார்கள். அவள் பிசைந்து வைத்த மாவில் மணலைப் போடுவார்கள். ஒருநாள் வழுக்கி விழுந்தாள். வயிற்றோடு விழுந்தவளைத் தூக்காமல் சுற்றி நின்று பார்த்தார்களாம். "நீங்க மரத்தடியில நின்ன மாதிரியே நின்னாளுங்க" என்று எனக்குச் சொன்னாள். முழங்கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து மாவைத் திரும்பப் பிசைந்திருக்கிறாள்.

குழந்தை மாசிக் கடைசியில் பிறந்தது. பெண். சின்னதாக இருந்தாலும் நன்றாக அழுதது. தீட்டுக் கழிவதற்குள் அக்கா திரும்ப உருட்டப் போய்விட்டாள். குழந்தையைப் பக்கத்தில் சாக்கின்மேல் கிடத்திக்கொள்வாள். அது மூக்கெல்லாம் கரியோடு தூங்கும்.

வெயில் ஏறத் தொடங்கியபோது ஆலை முழுவதுமாக நின்றது. யாரும் கோடு போடவில்லை. ஒரு காலை பூட்டியிருந்தது, அவ்வளவுதான். இருமல்காரி, வெந்துபோய்த் தேறி வந்தவள், நான், எல்லாரும் மரத்தடியில் நின்றவர்களோடு சேர்ந்து நின்றோம். உள்ளே வெளியே என்று இனி இல்லை. மேஸ்திரியும் கோட்டும் தலைப்பாகையுமாக வந்து பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கும் சொல்லவில்லை போலிருக்கிறது. கல் சுமந்தவள் பின்னாலிருந்து போய் அவர் தலைப்பாகையைத் தட்டிச் சாக்கடையில் விழவைத்தாள். அவர் அதை எடுத்துப் பிழிந்து கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார். அவரை நாங்கள் அடித்திருக்கலாம் என்று பலரும் பிறகு சொன்னார்கள். அடிக்கவில்லை. சாமராஜநகரில் பட்டுக்கூடு வாங்குகிற வியாபாரி ஒருவர் அவரை உடனே வேலைக்கு வைத்துக்கொண்டதாகக் கேள்விப்பட்டோம்.

நாங்கள் எல்லாரும் மண்டி மொஹல்லாவுக்குப் போனோம். வேறு எங்கே போவது? சந்து முழுவதும் பெண்கள். கடைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. கூட்டத்தைச் சமாளிக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. சீக்கிரம் கற்றுக்கொண்டவளும், யாரோடும் சிநேகம் இல்லாதவளும், ஆலைப் பெண்களை முகம் முகமாகத் தெரிந்தவளும் அக்காதான். யாரை உட்காரவைப்பது, யாரை அனுப்புவது, யார் உருட்டியது தேறும், யார் உருட்டியது தேறாது என்று பார்க்கிற பொறுப்பை அவளுக்குக் கொடுத்தார். அக்கா அதை நன்றாகச் செய்தாள். அவளுக்கு அப்படியொரு கடுமை இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கரித்தண்ணீர் ஊற்றினவர்களை வாசலோரம், வெயிலில் உட்காரவைத்தாள். என்னை நடுவில் உட்காரவைத்து, நான் உருட்டியவற்றில் எல்லாரையும்விட அதிகமாகக் கழித்தாள்.

நஞ்சன்கூட்டுக்காரியும் ஒருநாள் வந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. புருஷன் போய்விட்டான் என்று தெரிந்தது. அக்கா குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"வீட்டுல உருட்டிப் பழகியிருக்கேன். வேலை இருந்தாக் கொடு" என்றாள் அவள், மன்னிப்பு எதுவும் கேட்காமல்.

"உக்காருங்க" என்றாள் அக்கா.

பலகையும் மாவும் கொடுத்தாள். நஞ்சன்கூட்டுக்காரி மதியம் எழுந்து சாப்பிடக்கூட இல்லை. பழகியிருக்கிறேன் என்று சொன்னது பொய்யில்லை, குச்சிகள் ஒரே கனமாக, நேராக வந்தன. சாயந்தரம் அக்கா வந்து பார்த்தாள். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள், திரும்ப வைத்தாள். பிறகு அவள் நாள் முழுக்க உருட்டிய அத்தனை குச்சியையும் இரண்டு கையாலும் அள்ளி, மாவு கரைக்கிற தண்ணீர்த் தொட்டியில் போட்டாள்.

"தேறாது" என்றாள்.

சந்தில் இருந்த அத்தனை பேரும் பார்த்தோம். குச்சியிலிருந்து கரி கழன்று தண்ணீர் கறுத்தது. யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மறுநாள் அவர்களுக்கு இடம் இருக்காது. நஞ்சன்கூட்டுக்காரி தன் பலகையைத் துடைத்து வைத்தாள். பிறகு குழாயடியில் போய்க் கையைக் கழுவினாள். போகும்போது சாக்கின்மேல் கிடந்த குழந்தையைக் குனிந்து பார்த்தாள்.

"உன் குழந்தை சென்னாகி, நல்லா இருக்குதா? பால் குடிக்குதா?"

அக்கா அடுத்த பலகையைப் பார்க்கப் போய்விட்டாள். அவளும் காத்திருக்கவில்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனாள். பிறகு வரவில்லை. கோயில் வாசலில் செருப்புப் பார்த்துக்கொள்கிறாள் என்று ஒருத்தி சொன்னாள். பிள்ளைகளோடு தாய்வீட்டுக்குப் போய்விட்டாள் என்று இன்னொருத்தி சொன்னாள்.

அதற்குப் பிறகு வந்த மழைக்காலத்தில் ஊதுபத்தி காயாமல் தேங்கியது. கடைக்காரர் ஆளைக் குறைக்கச் சொன்னார். அக்கா பலரை அனுப்பினாள். சிலர் மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனார்கள். கடைசியாக இன்னும் ஒருத்தி போகவேண்டியிருந்தது. எல்லாரும் தலைகுனிந்து உருட்டிக்கொண்டிருந்தோம். அக்கா என் பலகைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"நாளையிலிருந்து நீ வர வேண்டாம்."

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். அவள் என் பலகையைக் கையிலிருந்து வாங்கிச் சுவரோரம் அடுக்கியபிறகுதான் நம்பினேன்.

வீட்டுக்கு இருவரும் சேர்ந்தே நடந்தோம். குழந்தை என் இடுப்பில் இருந்தது. சோறு போட்டபோது எனக்குத்தான் முதலில் போட்டாள். நான் கேட்டேன்.

"நான் உருட்டறது நல்லா இல்லையா அக்கா?"

"நல்லாத்தான் இருக்குது."

"அப்புறம் ஏன்?"

அவள் குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள். "யாரையாவது அனுப்பித்தான ஆகோணும்? அனுப்புனா அவிக போயிருவாங்க, திரும்பிப் பாக்கமாட்டாங்க. நீ எங்க போவ? நீ இங்கதான இருப்பே."

அதில் அன்பு இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இருந்திருக்கலாம். அப்போது எனக்குப் பசி. தட்டில் போட்டதைச் சாப்பிட்டேன். இன்னும் கொஞ்சம் கேட்டேன், போட்டாள். விடிந்ததும் வேலை கேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிப் பக்கம் போனேன். துணி வெளுக்கிற இடத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று சொல்லியிருந்தார்கள். எனக்கு முன்னால் வாசலில் நிறையப் பேர் நின்றிருந்தார்கள்.